வலியின் அருமை சொன்ன வேலூர் டாக்டர்

ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்கள். கடவுள் உங்கள் முன்னால் தோன்றி, இனிமேல் உனக்கு வலி என்பதே இருக்காது, இந்த வரம் வேண்டுமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வொர்க்‌ஷாப்பில் சுத்தியலைக் கட்டைவிரல் மேல் போட்டுக்கொண்ட அனுபவம் உள்ள நம்ம மெக்கானிக்கல் ஆட்கள் ரெண்டு கையையும் தூக்கிவிடுவார்கள். போன வருஷம் வரைக்கும் நானும் தூக்கியிருப்பேன். இப்போது தூக்க மாட்டேன். காரணம் ரெண்டு பேர். ஒருவர் எங்கப்பா. இன்னொருவர் டாக்டர் பால் பிராண்ட்.

எங்கப்பா ஆம்பூர் பக்கம் டேனரியில் வேலை பார்ப்பவர். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நடந்தார். வாசலிலிருந்து அடுப்பங்கரை வரைக்கும் தரையில் அடிக்கு ஒன்றாகச் சிவப்புப் பொட்டு. அம்மா ஓடிப்போய்ச் செருப்பைப் பார்த்தால், வழியில் எங்கேயோ மிதித்த ஆணி ஒன்று அடியிலிருந்து ஏறி உள்ளே நிமிர்ந்து நிற்கிறது! எப்போது ஏறியது என்று கேட்டால் அப்பாவுக்குத் தெரியவில்லை. வலித்தால்தானே தெரியும்?

புண் ஆற நாலு மாசம் ஆனது. ஒரு விரலையும் எடுக்க வேண்டியதாகிவிட்டது. காலில் நரம்பு செத்துப்போச்சு, அதனால்தான் வலி தெரியவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அப்பா என்னைக் கேட்டார், நரம்பு எப்படிடா சாகும் என்று. எங்க வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் டாக்டர் பால் பிராண்ட் எனக்கு அறிமுகமானார். அதே கேள்வியை நம்ம வேலூரில் உட்கார்ந்து பல வருஷம் ஆராய்ந்தவர் அவர். நம்மில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது என்பதுதான் வேதனை.

கொல்லிமலைப் பிள்ளை

பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். அப்பா ஜெஸ்ஸி, அம்மா ஈவ்லின். இங்கிலாந்திலிருந்து வந்து மலைமக்களுக்கு மருத்துவமும் பள்ளிக்கூடமும் கொடுத்த மிஷனரிகள். சின்ன வயசில் ஒரு காட்சி அவர் மனசில் பதிந்துவிட்டது. தொழுநோய் வந்த மூன்று பேர் மலையேறி வந்தார்கள். அப்பா கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் புண்ணைக் கழுவிக் கட்டினார். பிள்ளைகளைக் கிட்டே வரக் கூடாது என்று தள்ளி நிற்க வைத்தார்கள். அந்தப் பயம் பல வருஷம் அவரோடே இருந்தது.

ஒன்பது வயசில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1929ல் அப்பா மலைக்காய்ச்சலில் கொல்லிமலையிலேயே இறந்துபோனார். அம்மா ஈவ்லின் மட்டும் மலையை விடவில்லை. 1974ல் 95 வயசில் கண் மூடுகிற வரைக்கும் தமிழ்நாட்டு மலைகளிலேயே மக்களோடு வாழ்ந்தார்.

இனி நான் சொல்லப்போவது நம்மைப் போன்ற டிப்ளமா மாணவர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டிய செய்தி! பள்ளி முடித்ததும் பிராண்ட் டாக்டருக்குப் படிக்கப் போகவில்லை. தச்சு வேலை, கொத்து வேலை என்று கட்டடத் தொழிலைச் சில வருஷம் கையால் கற்றார். இழைப்புளி பிடித்தார், செங்கல் அடுக்கினார். அதற்கப்புறம்தான் லண்டனில் மருத்துவம் படித்தார். அவர் பிற்காலத்தில் சாதித்ததற்கெல்லாம் அஸ்திவாரம் அந்தத் தொழில் படிப்பு என்றால் மிகையாகாது.

இரண்டாம் உலகப் போர் சமயம். லண்டனில் குண்டு விழுந்ததால் மாணவர்களைக் கார்டிஃப் நகருக்கு அனுப்பினார்கள். அங்கே இறந்த மனிதரின் தலை ஒன்றை வைத்துக்கொண்டு, மூளையிலிருந்து கிளம்பும் 12 ஜோடி நரம்புகளையும் அறுபடாமல் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கினார். மரத்தை இழைத்த கை, எலும்பைச் செதுக்கியது. நரம்பின் மேல் அவருக்கு ஆசை பிறந்தது அங்கேதான்.

நரம்பு என்றால் என்ன?

பத்தாம் வகுப்பில் நியூரான் படம் வரைந்து பாகங்களைக் குறித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மார்க்குக்காக வரைந்தோம், அப்புறம் மறந்தோம். கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம்.

நியூரானுக்கு மூன்று பாகம். நடுவில் உட்கரு உள்ள சைட்டான். அதைச் சுற்றி மரக்கிளை மாதிரி டெண்ட்ரைட்டுகள், இவை செய்தியை வாங்கும். நீளமாக ஓடும் ஆக்ஸான், இது செய்தியைக் கொண்டுபோகும். ஒரு நியூரானும் அடுத்த நியூரானும் சந்திக்கும் இடம் சினாப்ஸ். அங்கே மிக நுண்ணிய இடைவெளி இருக்கும், பெரும்பாலும் ரசாயனப் பொருள்தான் அதைத் தாண்டிச் செய்தியை ஒப்படைக்கும். எலக்ட்ரிக்கல் நண்பர்கள் கவனிக்கவும்: ஓய்வில் இருக்கும் நியூரானின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்ததும் அது தலைகீழாகிறது. அந்த மாற்றம் ஆக்ஸான் வழியாக ஓடுவதுதான் நரம்புச் செய்தி.

ஆக்ஸானுக்கு மேலே இன்சுலேஷன் உண்டு. ஷ்வான் செல்கள் அதைச் சுற்றிச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு மையலின் உறையை உண்டாக்குகின்றன. உறைக்கு இடையிடையே ரான்வியர் கணு என்று சின்ன இடைவெளி. செய்தி கணுவுக்குக் கணு தாவி ஓடும். நல்ல உறை உள்ள தடித்த இழையில் வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தொடும். உறையில்லாத மெல்லிய வலி இழையில் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கால் விரல் கட்டிலில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒன்று, கொஞ்சம் கழித்து விண்விண் என்று இன்னொன்று வருகிறதே, அது இதனால்தான். ரெண்டு வேக இழைகள், ரெண்டு தபால்!

இப்படி ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றாகக் கட்டி மேலே உறை போட்டால் அதுதான் நரம்பு. கேபிள் மாதிரி. உணர்ச்சி இழை தோலிலிருந்து செய்தியை மேலே கொண்டுபோகும். இயக்க இழை கட்டளையைத் தசைக்குக் கொண்டுவரும். கால் கட்டைவிரலிலிருந்து வரும் உணர்ச்சி இழையின் சைட்டான் எங்கே இருக்கிறது தெரியுமா? இடுப்புப் பக்கம், தண்டுவடத்தின் ஓரத்தில். ஒரே ஒரு செல், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம்!

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1946ல் டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைத்ததால் பிராண்ட் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். மனைவி டாக்டர் மார்கரெட் குழந்தைகளோடு அடுத்த வருஷம் வந்தார். காக்ரேன் தொழுநோய் நிபுணர். தாம் கவனித்துவந்த செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்குப் பிராண்டை அழைத்துப் போனார். எங்கே பார்த்தாலும் கழுகு நகம் மாதிரி மடங்கிய கைகள், விரல் இல்லாத கைகள். எலும்பு மருத்துவர் யாரும் இதை ஏன் ஆராயவில்லை என்று பிராண்ட் கேட்டார். நீங்களே ஆராயுங்களேன் என்கிற மாதிரி வேலை அவர் தலையிலேயே விழுந்தது!

அங்கே ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். செத்த கை, பலம் எங்கே இருக்கப்போகிறது என்று நினைத்தார். அந்த மனிதர் அழுத்திய அழுத்தில் நகம் தோலில் இறங்கி, பிராண்ட் துடித்துப்போனார். அந்த வலியில்தான் அவருக்கு விடை கிடைத்தது. கை சாகவில்லை! முன்கைத் தசைகள் உயிரோடு இருக்கின்றன. உள்ளங்கையின் சின்னத் தசைகளுக்குப் போகும் நரம்புகள் மட்டும்தான் பழுது.

ஏன் அந்த நரம்புகள் மட்டும்? இறந்துபோன ஒரு நோயாளியின் உடலை ஆராய வாய்ப்பு வந்தபோது, கை கால் முழுவதும் நரம்புகளைத் திறந்து பார்த்தார்கள். முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டு அருகே, முழங்கால் பக்கம் என்று சில குறிப்பிட்ட இடங்களில் நரம்பு வீங்கியிருந்தது. ஆழத்தில் ஓடும் இடங்களில் நன்றாக இருந்தது. நரம்பு தோலுக்குப் பக்கத்தில், குளிர்ச்சியாக ஓடும் இடங்களில்தான் சேதம்! 1873ல் ஹான்சன் கண்டுபிடித்த தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பாகங்களையே விரும்புவது. அது குடியேறும் வீடு, நாம் மேலே பார்த்த ஷ்வான் செல். இன்சுலேஷனுக்குள்ளேயே திருடன் புகுந்தால் கேபிள் என்ன ஆகும்? முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறதே, அது அல்நார் நரம்பு. தோலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான் நமக்கு ஷாக், அவர்களுக்கு ஊனம்.

1948ல் பிராண்ட் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். முன்கையில் நல்ல நிலையில் இருக்கும் தசையின் நாணை எடுத்து, வழி மாற்றி, விரல்களுக்கு இணைத்தார். ஒரு மோட்டார் கெட்டுப்போனால் பக்கத்து மோட்டாரிலிருந்து பெல்ட் மாட்டி ஓட்டுவோமே, அந்த வேலை. மடங்கிய விரல்கள் நீண்டன. சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடிந்தது. தொழுநோயாளியைத் தொடவே உலகம் அஞ்சிய காலம் அது.

எலியும் பூனையும்

ஆனால் கதை அங்கே முடியவில்லை. சரிசெய்த கையோடு போனவர்கள் புதுப் புண்ணோடு திரும்பி வந்தார்கள். சிலர் இன்னொரு குறையும் சொன்னார்கள். கை நன்றாகிவிட்டதால் பிச்சை போடுவார் இல்லை, வேலை கொடுப்பாரும் இல்லை! அதனால் சி.எம்.சி. வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற சின்னக் குடியிருப்பு உருவானது. மண் வீடுகள்தான். அங்கே தச்சு வேலை கற்றுக்கொடுக்கப்பட்டது. பழைய தச்சர் அல்லவா டாக்டர்! கருவிகளோடு அவரே கூட நின்று சொல்லிக் கொடுத்தார்.

அங்கேதான் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடும் துப்பறியும் வேலை நடந்தது. ஒரு சிறுவன் துருப்பிடித்த பூட்டைத் திருகித் திறந்தான். பெரியவர்களால் முடியாததைச் செய்துவிட்ட சந்தோஷம் அவனுக்கு. விரலைப் பார்த்தால் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டு. அவனுக்குத் தெரியவே இல்லை. இன்னும் சிலருக்கு ராத்திரி இருந்த விரல் நுனி காலையில் இல்லை. கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி வந்து கடிக்கிறது! வலி இல்லாததால் யாரும் எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் ஆளுக்கொரு பூனை கொடுத்தார்கள்.

தொழுநோய் வந்தால் விரல் அழுகித் தானாக விழும் என்று நம்ம ஊரில் இன்றைக்கும் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அது பொய் என்று பிராண்ட் காட்டினார். பெரும்பாலும் சூடான பாத்திரம், ஆணி, இறுக்கமான செருப்பு, எலி இவைதான் காரணம். நோய் வலியைத் திருடியது, மிச்சத்தை நாம் தினமும் செய்யும் வேலைகள் செய்துவிட்டன. மார்கரெட் அம்மையார் கண்ணில் இதையே கண்டார். கண்ணில் உணர்ச்சி போனால் இமை கொட்டத் தோன்றாது. இமை கொட்டாத கண் காய்ந்து, புண்ணாகிப் பார்வை போகிறது.

1955ல் காட்பாடி அருகே கரிகிரியில் ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியபோது இந்த வேலைகளெல்லாம் அங்கே விரிந்தன. அதில் நம்ம பகுதிக்காரர்கள் பெருமைப்பட வேண்டியது காலணி.

இதை நம்ம பாடத்தில் சொல்கிறேன். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுப்பது. ஆணி நுனியில் பரப்பளவு துளிதான், அதனால் ஒரே மிதியில் துளைத்துவிடும். இறுக்கமான செருப்பில் அழுத்தம் கம்மி, ஆனால் மணிக்கணக்கில் விடாமல் அழுத்தி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். மூன்றாவது ஒன்று உண்டு. மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை. இரும்பில் ஃபடீக் என்று படிக்கிறோமே, அதேதான்! நமக்கென்றால் கால் லேசாக வலிக்கும், நம்மை அறியாமல் நடையை மாற்றிக்கொள்வோம். நரம்பு செத்தவர் மாற்றமாட்டார். அந்த இடம் உள்ளுக்குள்ளேயே நைந்து புண்ணாகும். அதற்குத்தான் பாதம் முழுவதும் எடையைப் பரப்புகிற மாதிரி, மைக்ரோசெல்லுலர் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு. சுருக்கமாக எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். அதில் ஆணி அடிக்கக் கூடாது. ஒட்டியும் தைத்தும்தான் செய்ய வேண்டும். எங்கப்பாவுக்கு டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததும் அதே செருப்புதான் நண்பர்களே!

ஒரு ராத்திரி

பிராண்டின் வாழ்வில் ஒரு ராத்திரி உண்டு. நீண்ட ரயில் பயணம் முடித்து இங்கிலாந்தில் ஓர் அறையில் தங்கினார். சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினார், ரத்தம் வந்தது, வலி வரவில்லை. தமக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டினார். மனைவி, பிள்ளைகளை நெருங்க முடியாதே என்று விடிய விடியத் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார். துடித்துப்போனார்! ரயிலில் ஒரே மாதிரி உட்கார்ந்து நரம்பு அழுத்தப்பட்டு மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்கு அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். ஆயிரம் நோயாளிகள் தினமும் படும் பயத்தை அந்த ஒரு ராத்திரி அவருக்குக் காட்டியது.

1952ல் இங்கிலாந்தின் ராயல் சர்ஜன்ஸ் கல்லூரி அவரை ஹண்டேரியன் பேராசிரியர் ஆக்கிக் கௌரவித்தது. 1960ல் லாஸ்கர் விருது, 1961ல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. பட்டம் வந்தன. 1966ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே என்ஜினீயர்களைச் சேர்த்துக்கொண்டு செயற்கை வலி செய்யப் பார்த்தார். கையுறையில் சென்சார். அழுத்தம் கூடினால் பீப் சத்தம். யாரும் அதை மதிக்கவில்லை. அடுத்து சின்ன மின் அதிர்ச்சி வைத்தார்கள். வேலை நடக்க வேண்டும் என்றால் சுவிட்சை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள்! பல வருஷ உழைப்புக்குப் பிறகு திட்டம் கைவிடப்பட்டது. அணைக்க முடியாத அலாரம் என்பதுதான் வலியின் சிறப்பு. அதைச் செய்ய எந்தப் பட்டறையாலும் முடியவில்லை.

கார்வில்லில் அவர் இன்னொன்றும் கவனித்தார். சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் புண்ணும் தொழுநோய்ப் புண்ணும் ஒரே மாதிரி. வேலூரில் கற்ற பாடத்தை அவர்களுக்கும் கொடுத்தார். காலைப் பாருங்கள், செருப்பைப் பாருங்கள், புண் இருந்தால் எடையை இறக்குங்கள் என்று. 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் சியாட்டில் நகரில் 88 வயசில் காலமானார்.

அப்பாவுக்குச் சொன்ன பதில்

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நரம்பு எப்படிச் சாகும்? பல வருஷம் சர்க்கரை கூடியே இருந்தால், நரம்புக்குச் சோறு போடும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடும், இழைகளும் கெடும். நீளமான இழைதான் முதலில் தோற்கும். அதனால்தான் காலில் ஆரம்பம். கைகால் நரம்பு அறுந்தால் நல்ல நிலையில் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு வளரக்கூடும். ஆனால் வருஷக்கணக்கில் கெட்டதை முழுசாக மீட்பது கஷ்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ஒயர் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்ல என்றார். பிராண்ட் வாழ்நாள் முழுக்கச் சொன்னதை எழுதப் படிக்கத் தெரியாத எங்கப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

இப்போது தினமும் ராத்திரி சாப்பிட்டதும் அப்பா காலை நீட்டுவார். நான் டார்ச் அடித்து அடிப்பாதம், விரல் இடுக்கு எல்லாம் பார்ப்பேன். காலையில் செருப்பு போடும் முன் அம்மா உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பார். அவர் நரம்பு செய்ய வேண்டிய வேலையை எங்கள் ரெண்டு பேரின் கண்ணும் கையும் செய்கின்றன.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் டேனரி, ஷூ கம்பெனி என்று உழைக்கிறவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இருக்கிறார்கள். இன்று ராத்திரி ஒரு தடவை அவர்கள் காலைப் பாருங்கள். தோலில் உணர்ச்சியில்லாத வெளிர்ந்த தேமலோ சிவந்த தேமலோ இருந்தால் மறைக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். தொழுநோய்க்கு இலவசக் கூட்டு மருந்து இருக்கிறது, முழுசாகக் குணமாகும். பஸ் ஸ்டாண்டில் விரல் மடங்கிய ஒரு பெரியவரைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். அந்தக் கையைப் பிடித்துத்தான் ஒரு தச்சர் உலகத்துக்கே பாடம் சொல்லும் டாக்டர் ஆனார்.

அடுத்த தடவை வொர்க்‌ஷாப்பில் சுத்தியல் விரலில் விழுந்தால் கத்துங்கள், பரவாயில்லை. கத்தி முடித்ததும் நரம்புக்கு ஒரு நன்றி சொல்லுங்கள்.

— மெக்கானிக்கல், மூன்றாம் ஆண்டு